மூக்கு இன்னும் சரியா வரலை

“அசையாதீங்க பெரியவரே! தாடையைக் கொஞ்சம் தூக்குங்க!”

தொப்பிக்கார ஓவியர் இப்படி அதட்டுவது இது எத்தனையாவது தடவையோ! பக்கத்தில் வரைந்துகொண்டிருந்த டிராயிங் டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

துறைமுக விழா. பழைய மரப்படகுகளை வரைய ஓவியர்கள் கரை நெடுக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் படகை மட்டும் வரைய, இந்த மகாராஜாவுக்கு மட்டும் உள்ளே படகுக்காரரும் வேண்டுமாம். பாவம், அந்த மனுஷன் காலையிலிருந்து பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

“தம்பி, துடுப்புப் போட்டிக்குக் கூப்பிடுறாங்க. ஓட்டிட்டு வந்து உக்காரட்டுமா?”

“இப்போ எழுந்தா அத்தனையும் வீண். மூக்கு இன்னும் சரியா வரலை.”

“ஒரு மூக்குக்கு அரை நாளா சார்?” டீச்சருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

தொப்பிக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பெரியவரின் மனைவி கரையில்தான் இருந்தாள். கட்டினவளாவது ஒரு வார்த்தை கேட்க வேண்டாமோ? அவளோ, “உக்காருங்க, படத்துல நல்லா விழணும்” என்று ஒத்து ஊதினாள். நல்ல பெண்சாதி!

விசில் அடித்தது. மற்ற படகுகள் சீறிக்கொண்டு கிளம்பின. பெரியவர் கழுத்தைத் திருப்பாமல், கண்ணை மட்டும் ஓட்டி அவற்றைப் பார்த்தார். கைவிரல்கள் துடுப்பைத் தேடின.

டீச்சரால் பொறுக்க முடியவில்லை. விறுவிறுவென்று படகுப் பக்கம் போனாள்.

“ஐயா, நீங்க கிளம்புங்க. இப்பவும் போய்ப் பிடிச்சிடலாம். இவரை நான் பாத்துக்கறேன்.”

சட்டென்று அந்த மனைவி அவள் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். கண் கலங்கியிருந்தது.

“உங்களுக்குப் புண்ணியமாப் போகும்மா. சும்மா இருங்க.”

டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. ‘அப்படி என்னதான் கிழிக்கிறார், பார்ப்போம்’ என்று தொப்பிக்காரரின் பின்னால் போய் நின்றாள்.

படம் முடிந்திருந்தது. மூக்கும்தான். நன்றாகக் காய்ந்தும் போயிருந்தது. பிரஷ் தாளில் படாமல் காற்றில் ஓடிக்கொண்டிருந்தது. கரை விளிம்பில், பிரஷ் கழுவப் புதிதாக மாற்றி வைத்திருந்த டம்ளர் தண்ணீர் எடுத்துக் குடிக்கலாம் போலத் தெளிவாக இருந்தது.

“சத்தம் போடாதீங்க,” தொப்பிக்காரர் கிசுகிசுத்தார். “படம் எப்பவோ முடிஞ்சிடுச்சு. அவருக்குப் போன மாசம் நெஞ்சு வலி. துடுப்பைத் தொட்டா உயிருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லியும் கேக்கலையாம். போட்டி முடியற வரைக்கும் எப்படியாவது உக்கார வைங்கன்னு அந்தம்மா அழுதாங்க.”

டீச்சருக்கு முகம் சுண்டிப்போனது. நல்லது செய்கிறேன் பேர்வழி என்று ஓர் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தோமே!

கொஞ்ச நேரத்தில் கைதட்டல் கேட்டது. போட்டி முடிந்துவிட்டது. மனைவி டீ வாங்க எழுந்து போனாள்.

பெரியவர் தாடையை இறக்காமலே, கண்ணால் டீச்சரைக் கூப்பிட்டார்.

“எல்லாப் படகும் வந்துருச்சாம்மா?”

“வந்துருச்சுங்கய்யா.”

“அவ முகத்துல சிரிப்பு வந்துதா?”

“வந்துதுங்கய்யா.”

“அப்பாடா. அந்தத் தம்பியைப் போதும்னு சொல்லும்மா. டம்ளர் என் கண்ணெதிர்லதான் இருக்கு, மாத்தி வெச்ச தண்ணி அப்புறம் கலங்கவே இல்லை. வெறுங்காத்துல எவ்வளவு நேரம்தான் வரைவாரு, பாவம், கை கடுக்கும்.”