இலை நுனியில் மூன்று முள்

ரொறன்ரோ பல்கலைக்கழகமொன்றில் செடிகளை இனம் பிரிப்பது கௌசலாவின் வேலை. றொக்கி மலையில் விழுந்து இறந்த கணவனின் முப்பத்தோராம் நாள் சடங்குக்கு, அவனோடு போயிருந்த நண்பன் குகதாசன் அவள் வீட்டுக்கு வந்திருந்தான். ஒரு காய்ந்த இலையை மேசையில் வைத்து, அவனிடம் லென்ஸை நீட்டினாள்.

"இது சாக்சிபிரேஜ், பாறைச்செடி. அந்த மலையடிவாரத்துச் செடிக்கு இலை நுனியில ஒரு முள்ளு. உச்சியில நிக்கிறதுக்கு மூண்டு. எண்ணுங்கோ அண்ணை."

"மூண்டு."

"அவற்ர பொத்தின கைக்குள்ள இருந்தது. நீங்கள் உச்சிக்கு ஏறேல்லைத்தானே?"

"இல்லைத் தங்கச்சி. நான் கீழ காருக்குள்ள இருந்தனான்."

இன்னொரு காய்ந்த இலையை வைத்தாள்.

"உதும் மூண்டுதான். அவன்ர கையில இருந்ததோ?"

"இல்லை. நீங்கள் இப்ப வாசலில கழட்டின சப்பாத்துக்குள்ள இருந்தது."

குகதாசன் வாசலைத் திரும்பிப் பார்த்தான். அங்கே அவன் சப்பாத்துகள் இல்லை; கௌசலாவின் மேசையடியில், வாய் ஒட்டிய பைக்குள் இருந்தன.