வளைவின் உள்பக்கம்

அவள் மறுபடியும் முக்காலிமேல் இருந்த மட்டக் கருவியின் லென்ஸில் கண்ணை வைத்தாள்.

அதே எண்தான்.

வளைவின் உள்விளிம்பில் அளவுகோலைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு சென்னியப்பன் நின்றார். சாலைப் பணியாளர். இருபத்திரண்டு வருட சர்வீஸ். வெளிவிளிம்பில் ஏற்கெனவே பிடித்துக் காட்டிவிட்டார்.

இரண்டுக்கும் வித்தியாசம் பன்னிரண்டு சென்டிமீட்டர்.

முப்பத்தைந்து இருக்க வேண்டும்.

வளைவில் சாலையின் வெளிப்பக்கம் உயர்ந்தும் உள்பக்கம் தாழ்ந்தும் இருக்க வேண்டும். திரும்புகிற வண்டியை வெளியே போகவிடாமல் பிடித்துவைப்பதில் அந்தச் சாய்வுக்குப் பெரிய பங்கு. இந்தப் பகுதிக்குப் பொறியாளர் அவள்தான். இதெல்லாம் தெரியாது என்று சொல்லித் தப்பவும் முடியாது.

மூன்று நாள் முன்பு காலை ஆறு மணிக்கு, தூறலில், நூற்பாலைப் பெண்களை ஏற்றிவந்த வேன் இங்கேதான் வெளிப்பக்கம் சறுக்கிப் புளியமரத்தில் மோதியது.

மூன்று பெண்கள் செத்துப்போனார்கள். மூத்தவளுக்கு இருபது வயது.

மரத்தில் பட்டை உரிந்த இடம் இன்னும் ஈரமாக இருந்தது. அதைப் பார்த்தால் அழுகை வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. பசித்தது. சே, என்ன பிழைப்பு இது என்றிருந்தது.

காலையில் மேலதிகாரி போன் செய்திருந்தார். "சாய்வு சரியா இருக்குன்னு ஒரு வரி எழுதிருங்கம்மா. மிச்சத்தப் போலீஸ் பாத்துக்கும்."

போலீஸ் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. வேன் டிரைவர் அர்த்தனாரி ஜெயிலில் இருந்தான். நாற்பதில்தான் வந்தேன், நாற்பதில்தான் வந்தேன் என்று கண்டவரிடமெல்லாம் சொல்கிறானாம். யாரும் நம்பவில்லை.

அவள் நம்பினாள்.

உள்விளிம்பை ஒட்டிப் பள்ளத்தில் ஒரு வீடு இருக்கிறது. மழை பெய்தால் வளைவின் தண்ணீர் மொத்தமும் அந்த வீட்டுக்குள் போகும். போன வருடம் சாலையைப் புதுப்பிக்கப்போகிறார்கள் என்றதும், அந்த வீட்டுத் துளசிமணி ஆபீசுக்கு நாலு தடவை நடந்தாள். நாலாம் தடவை, நனைந்து ஊறிய பள்ளிக்கூடப் புத்தகங்களைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள்.

மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்த அவளுக்கு மனசு கேட்கவில்லை.

தண்ணீர் வீட்டைத் தாண்டிப் போய் வடியட்டும் என்று, வீட்டுக்கு முன்னால் மட்டும் தார்க்கலவையைக் கனமாகப் போடச் சொல்லி உள்விளிம்பை ஏற்றிவிட்டாள். யாரையும் கேட்கவில்லை. வெளிப்பக்கத்தை அடுத்த வருடம் ஏற்றிச் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்று விட்டாள். அடுத்த வருடம் வேறு சாலை, வேறு வேலை.

மறந்துபோனாள். அவ்வளவுதான் நடந்தது.

சென்னியப்பன் அசையாமல் நின்றார். அவள் அவர் பக்கத்தில் போனாள்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மேடம், தாரை விட்டு ஒரு எட்டு மண்ணுல எறக்கிப் புடிச்சா முப்பத்தஞ்சு வந்துருங்க. நாந்தானுங்களே புடிக்கறேன். ஆரு கேக்கப் போறாங்க?"

கணக்கு சரி. தாருக்கு வெளியே மண் இருபத்துமூன்று சென்டிமீட்டர் தாழ்ந்துதான் கிடந்தது. அவள் ஏற்றிய அதே இருபத்துமூன்று.

ஒரு எட்டு வைத்தால் போதும், வேலை தப்பும். அர்த்தனாரி உள்ளேயே கிடப்பான்.

அவள் தார் விளிம்பையும் கீழே மண்ணையும் பார்த்தாள். ஒரு பஸ் போயிற்று.

துளசிமணி ஒரு டம்ளரோடு மேலேறி வந்தாள்.

"மோர் குடிங்க மேடம். நீங்க மேடேத்திக் குடுத்ததுக்கப்பறம் ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வர்றதில்லீங்க. உங்களத்தான் தெனமும் நெனச்சுக்கறோம்."

வாங்கிக் குடித்தாள். உப்பு சரியாக இருந்தது. பசிக்கு இதமாகவும் இருந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

துளசிமணி புளியமரத்தைப் பார்த்தாள். "பாவம், பொழைக்க வந்த புள்ளைங்க. கண்ணுமண்ணு தெரியாம ஓட்டியிருக்கான் பாருங்க."

அவள் டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள்.

"தார் மேலயே புடிங்கண்ணா" என்றாள் சென்னியப்பனிடம்.

முக்காலிக்குத் திரும்பி நடந்தாள். பார்த்தாள். எழுதினாள். பன்னிரண்டு. அதன் கீழே, உள்விளிம்பை உயர்த்தியது என் சொந்த முடிவு என்றும், பழைய சாய்வை உடனே கொண்டுவர வேண்டும் என்றும் எழுதினாள். கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டாள். யாருடைய கையையோ பார்த்துக்கொண்டிருப்பது போலிருந்தது.

சென்னியப்பன் அளவுகோலை மடக்கினார்.

துளசிமணி அவளை வழியனுப்ப ஜீப் வரைக்கும் வந்தாள்.

"மழைக்கு முந்தி சாமானெல்லாம் மேல எடுத்து வெச்சுக்குங்கக்கா" என்றாள் அவள்.

"எதுக்குங்க மேடம்? அதான் இப்பத் தண்ணி வர்றதில்லீங்களே."

"வரும்" என்றாள்.