படகை விட்டு இறங்காதவர்

“இப்ப இருக்குற ஜனங்களுக்குப் பூட்டைப் பாத்தாதான் கை அரிக்குது. அதான் பூட்டே போடல. நானே படுத்துக் கெடக்குறேன்” என்றார் சிங்காரம், படகுக்குள் உட்கார்ந்தபடி.

மகள் எழிலரசி கீழே நின்று தூக்குவாளியை நீட்டினாள். இருபத்திரண்டு நாளாக அவருக்குச் சாப்பாடு, தூக்கம் எல்லாம் படகில்தான்.

“கஞ்சியக் குடிச்சிட்டுக் கெளம்புப்பா. பதினோரு மணிக்குச் சிதம்பரத்துல நிக்கணும். நீ போயி ரேகை வச்சாதான் காரியம் நடக்கும்.”

“நான் எறங்குன நேரம் பாத்து எவனாவது இன்ஜினக் கழட்டிட்டா? போன மாசம் ஒரே ஒரு ராத்திரி வூட்டுல படுத்தேன். விடிஞ்சா படகே காணும்.”

“அதான் கெடைச்சிடுச்சுல்ல?”

“கெடைச்சதுக்கு அப்புறம்தான் பயம் ஜாஸ்தியா இருக்கு. சுனாமில போன படகுக்குப் பதிலா குடுத்தது இது. இதுவும் போனா இன்னொண்ணு எவன் குடுப்பான்?”

எழிலரசிக்குப் பயம் வேறு. “நாலு பேரு ஏறி வந்து உன் மண்டையில போட்டா? படகு பெருசா, உசுரு பெருசா?”

“மண்டை ஒடைஞ்சா ஆஸ்பத்திரில தைப்பாங்க. இன்ஜினப் புடுங்கிட்டா எவன் தைப்பான்?”

லுங்கியும் தோளில் துண்டுமாகப் பல் விளக்கிக்கொண்டு வந்தார் சபாபதி. இந்த இருபத்திரண்டு நாளில் பழக்கமானவர்.

“பெருசு, கவலைப்படாம போயிட்டு வா. நான் பாத்துக்குறேன். நேத்து ராத்திரி பூரா முழிச்சுதானே இருந்தேன்.”

“நீ முழிச்சிருந்ததாலதான் நானும் தூங்கல.”

“அப்பா, அவுங்களப் போயி...” என்று பல்லைக் கடித்தாள் எழிலரசி.

“பக்கத்துல நிக்கிற மொபெட்டப் பாரு. நான் வந்த அன்னிக்கு ரெண்டு சக்கரம் இருந்துச்சு. மறுவாரம் ஒண்ணு. இப்ப ஹேண்டில் மட்டும் மரத்துல சாஞ்சி நிக்குது. காத்தா அடிச்சிக்கிட்டுப் போச்சு?”

வாய் நுரையைத் துப்ப வேப்பமரத்துக்குப் பின்னால் போன சபாபதி, அப்படியே உள்ளே போய்விட்டார்.

எழிலரசி குரலைத் தணித்தாள். “இன்னிக்குப் போவலன்னா இன்னும் மூணு மாசம் இழுக்கும்ப்பா. அதுவரைக்கும் இதுலயே கெடப்பியா?”

சிங்காரம் யோசித்தார். இருந்தால் மூன்று மாதம் தொழில் இல்லை. போனால் இன்ஜின் இருக்குமோ இருக்காதோ. கஞ்சி முழுவதையும் குடித்து முடித்த பிறகுதான் எழுந்தார். இன்ஜினிலிருந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துணியில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டார். நங்கூரக் கயிறு மரத்தில் இறுக்கமாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார்.

“நீ ஏறி உக்காரு. நான் வர்ற வரைக்கும் எறங்காத. யாரு டீ குடுத்தாலும் வாங்காத.”

“இங்க யாருப்பா எனக்கு டீ குடுக்கப் போறா?”

“குடுப்பாங்க. ஆள அசர வைக்கணும்னா மொதல்ல டீதான் வரும்.”

நாலு அடி நடந்து திரும்பிப் பார்த்தார். இன்னும் நாலு அடி போய் மறுபடி திரும்பிப் பார்த்தார்.

வாசலில் சபாபதி நின்றிருந்தார். இப்போது காக்கி உடுப்பில்.

“பெருசு, கோர்ட்டுல ஆர்டர வாங்கிட்டு நேரா வா. திருடன்கிட்டேருந்து மீட்ட மாதிரியே முழுசா லாரியில ஏத்தி ஆத்துல கொண்டு விட்டுடுறோம். அதுவரைக்கும் அது எங்க பொறுப்பு.”

சிங்காரம் அவர் தலைக்கு மேலே தொங்கிய போர்டைக் காட்டினார். “எனக்குப் படிக்கத் தெரியாது. அதுல என்னா எழுதியிருக்கு?”

“காவல்துறை உங்கள் நண்பன்.”

சிங்காரம் மடியிலிருந்த பிளக்கை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.