பத்து இஞ்ச் பெட்டி

"ரெண்டாயிரத்து முந்நூத்தி அம்பது ரூபா, மொதலாளி. பொங்கலுக்கு எறக்குன லோடு. ஆடியே வந்துடுச்சு. மழைக்கு முன்னால கூரைய மாத்தணும்."

சுமைதூக்கும் அம்மாவாசை கல்லா முன்னால் வந்து நின்றதுமே கடைக்காரர் ஜானகிராமனுக்கு எரிச்சல் மூண்டது. நேரு வீதியை ஒட்டிய சந்தில் ஹோம் தியேட்டர் விற்கிற கடை அவருடையது. கூலி கேட்டு வருகிறவர்களுக்கென்றே ஒரு வழி வைத்திருந்தார்: தேங்கிப்போன சரக்கைத் தலையில் கட்டிவிடுவார். அவர்களும் முணுமுணுத்துக்கொண்டே தூக்கிப்போய்ப் பாதி விலைக்கு விற்பார்கள்.

"கையில துட்டு இல்லப்பா. அந்த விலைக்குள்ள ஒரு சப்வூஃபர் பொட்டி எடுத்துக்க. டிவியோட மாட்டுனா வூடே அதிரும்."

அம்மாவாசை துண்டை உதறிப் போட்டு நாற்காலியில் சாய்ந்தார். "அப்ப போட்டுக் காட்டுங்க. நல்லதாப் பாத்து எடுக்கணும் இல்ல?"

எட்டு இஞ்ச் பெட்டி முழங்கியது.

"இன்னா மொதலாளி, பானைக்குள்ள தும்முற மாதிரி இருக்கு."

பத்து இஞ்ச் முழங்கியது.

"இது நெஞ்சுல இடிக்குது. காதுல வுழல."

மரப்பெட்டி, பிளாஸ்டிக் பெட்டி, மூலையில் வைத்து, சோபாவுக்குப் பின்னால் வைத்து... மதியம் தாண்டியது. பெட்டியை நிறுத்தினாலும் ஜானகிராமனின் மண்டைக்குள் டம் டம் நிற்கவில்லை.

"யோவ், ஓசியில எடுக்கறதுக்கு இவ்ளோ நொட்டையா?"

"ஓசியா? முதுகு ஒடியத் தூக்கினது மொதலாளி. அந்த மொதப் பொட்டிய இன்னொரு தபா போடுங்க."

அந்த நேரம் பார்த்து சேதராப்பட்டு கம்பெனி சூப்பர்வைசர் ஒருவர் மனைவியோடு உள்ளே வந்தார். பத்து இஞ்ச் பெட்டியை ஆசையாகத் தடவினார்.

"அது வேணாம் சார்," என்றார் அம்மாவாசை. "லாரிலேருந்து வுழுந்தது. நான்தான் பொறுக்கி வெச்சேன். பக்கத்துல இருக்கற கறுப்பு, மழையில நனைஞ்சது. மொட்டை மாடியில காயவெச்சுத்தான் அட்டைப்பொட்டியில போட்டோம்."

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வந்த வழியே போய்விட்டார்கள்.

ஜானகிராமன் கல்லாவைப் படாரென்று இழுத்தார். நோட்டுகளை எண்ணி மேசையில் அறைந்தார்.

"இந்தா, ரெண்டாயிரத்து முந்நூத்தி அம்பது! கணக்கு தீந்துச்சு. இனிமே சப்வூஃபர்னு வாயத் தொறந்த, தெரியும் சேதி!"

அம்மாவாசை எச்சில் தொட்டு இரண்டு தடவை எண்ணினார். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார்.

ஜானகிராமனுக்கு ஆற்றாமை தாங்கவில்லை. "ஏன்யா, கடையில இருக்கற எதுவுமே புடிக்கலியே, உன் வூட்டு டிவிக்கு எதத்தான் மாட்டலாம்னு இருந்த?"

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினார் அம்மாவாசை.

"டிவியா? எங்க வூட்டுக்குக் கரண்டே வரலியே மொதலாளி. கம்பம் கேட்டு எழுதிக் குடுத்து ஏழு வருசமாவுது."