வளைந்த வரிசை

ஆப்பிரிக்க மலைநாட்டின் அந்தத் தொகுதியில் இந்த முறை ஓட்டுச் சீட்டும் கிடையாது, பெட்டியும் கிடையாது. முன்பு ஒரு தேர்தலில் பெட்டிகள் ஆற்றில் மிதந்தன. அடுத்ததில் செத்துப்போனவர்கள் வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போனார்கள். அதனால் பிடித்த வேட்பாளரின் படத்துக்குப் பின்னால் ஆளே போய் நிற்கட்டும், தலையை எண்ணிக்கொள்ளலாம் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. சோளக்காட்டில் களையெடுக்கும் மும்புவாவுக்கு அது பிடித்திருந்தது. ஆற்றுக்குப் பாலம் வேண்டும் என்று அவள் போட்ட ஓட்டு ஒன்றுகூட இதுவரை எண்ணப்பட்டதில்லை. இந்தத் தடவை அவள் ஓட்டைத் தொலைக்க அவளையே தூக்கி ஆற்றில் போட்டால்தான் உண்டு.

வாத்தியார் முட்டிசோவின் படத்துக்குப் பின்னால் முதல் ஆளாக நின்றாள். அவளுக்குப் பின்னால் வரிசை சந்தையைத் தாண்டி மலைத் திருப்பத்தில் மறைந்தது. பழைய எம்.பி.யின் படத்துக்குப் பின்னால் அவருடைய டிரைவரும், மாமனார் வீட்டு ஆட்களும், சாராயக்கடைக்காரனும் நின்றார்கள். அதிகாரி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, எம்.பி. ஜெயித்துவிட்டதாக மைக்கில் அறிவித்தார்.

மும்புவா நின்ற இடத்திலிருந்தே அதிகாரியைக் கேட்டாள். "ஐயாவுக்குக் கண்ணு நல்லாத் தெரியுதுல்ல?"

"தெரியுதும்மா. அவங்கதான் நேரா நின்னாங்க. உங்க வரிசை வளைஞ்சு போச்சு, செல்லாது. கலைஞ்சு போங்க."

"மலை வளைஞ்சதுக்கு நாங்க என்ன பண்ணுவோம்? கலைஞ்சிட்டா, நாங்க இங்க நின்னோம்னு நாளைக்கு எவன் சொல்லுவான்?"

போலீஸ்காரர் கம்பை எடுத்தார். மும்புவா தலைத்துணியை அவிழ்த்துத் தரையில் விரித்து, சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். பின்னால் நின்றவள் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவனும் உட்கார்ந்தான். திருப்பத்துக்கு அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆட்கள் உட்காரும் சத்தம் மட்டும் மலையைச் சுற்றிப் போய்க்கொண்டே இருந்தது.