கதவின் நல்ல பக்கம்

"மாமா, இந்தக் கதவு நம்ம ஷெட்டுக்குத்தானா? இல்ல, வெளி ஆர்டர் ஏதாவது எடுத்திருக்கீங்களா?"

மச்சினன் கேட்டுவிட்டு, தூக்கிப் பிடித்திருந்த கதவைச் சுவரில் சாய்த்தான். மாமா கதவையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார்.

கொல்லைப்புற ஷெட்டின் கூரை இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரிந்திருக்கும். வாசலின் மேல்விளிம்பும் அதே போலச் சரியும். உளுத்துப்போன பழைய கதவுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, அவர் பார்த்துப் பார்த்து இழைத்துச் செய்த புது ஜோடியோ வலப்பக்கம் உயர்ந்து இடப்பக்கம் சரிந்தது.

"அளவு சரியாத்தானேப்பா எடுத்தேன்" என்றார். தொழிற்சாலையில் தரப் பரிசோதனை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்தவர் செய்த பொருளில் மயிரிழை பிசகினாலும் முகத்தைச் சுளித்துத் திருப்பி அனுப்பியவர். இப்போது அந்த முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"எங்க நின்னு அளந்தீங்க?"

"உள்ள நின்னு. அன்னிக்கு மழை தூறுச்சு."

"உள்ள நின்னு பார்த்தா வெளிப்பக்கத்து இடது வலதா மாறிடாதா?"

மாறத்தான் செய்யும். அது அவர் புத்திக்கு இப்போதுதான் எட்டியது.

அன்றைக்கு அவர் மனது வேறெங்கோ இருந்தது. "வெளியில நின்னு நனையாதீங்க, உள்ள நின்னே அளங்க" என்று மனைவி சொன்னதில் ஆள் அப்படியே உருகிப்போயிருந்தார். வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் கனிவான பேச்சு அது.

அவள் தையல்காரி. கூடத்தில்தான் மிஷின். ஓய்வு பெற்ற மறுநாளே, பேச்சுத் துணையாக இருக்கட்டும் என்று இவர் ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "தையல் கொஞ்சம் நெருக்கமா வரலாமே", "கத்தரியை வலது பக்கம் வெச்சா நேரம் மிச்சமாகுமே" என்று தன்னால் ஆன உதவியெல்லாம் செய்தார். அதைக் கேட்டுக்கொண்டே தைத்ததில் ஒரு நாள் யாருடைய சட்டைக்கோ கையை உள்வெளியாக வைத்துத் தைத்துவிட்டாள். பிரித்துக்கொண்டே, "ஷெட் கதவு உளுத்துப் போச்சு. நீங்களே புதுசா செஞ்சிடுங்களேன்" என்றாள்.

எப்படியாவது அவளிடம் ஒரு நல்ல பேர் வாங்கிவிட வேண்டும் என்று அன்றே டேப்பை எடுத்தார். வரைந்த படத்தைக் காட்டியபோது, அவள் தாளைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "சரியா இருக்கு. இப்படியே செய்யுங்க" என்றாள். சரியாக இருந்த லட்சணம் இதோ, சுவரில் சாய்ந்து நிற்கிறது.

கழுத்தில் அளவு நாடாவோடு அவளே வந்துவிட்டாள். "என்னாச்சு?"

"ஆயுசுக்கும் ஒரே ஒரு பொருள் செஞ்சேன். அதையும் நானே ரிஜெக்ட் பண்ணணும் போலிருக்கு."

"உள்பக்கத்தை வெளியில திருப்பி மாட்டிப் பார்க்கலாம் மாமா" என்றான் மச்சினன்.

கீல்களைக் கழற்றி, திருப்பி மாட்டினார்கள். வாசலோடு அளவெடுத்தது போலப் பொருந்தியது. ஆனால் பளபளவென்று வர்ணம் அடித்த முகம் ஷெட்டுக்குள் போய்விட்டது. கொல்லையைப் பார்த்து நின்றவை குறுக்குச் சட்டங்களும் ஆணித் தலைகளும்தான். பித்தளைத் தாழ்ப்பாளும் உள்ளே.

"இனிமே மண்வெட்டிதான் உள்ளேருந்து தாழ் போட்டுக்கணும்" என்றார் அவர். "நாளைக்குக் கழட்டி வெளியில வெச்சுடறேன்."

அவள் கதவை மூடினாள். திறந்தாள். இடுக்கில் விரல் நுழைகிறதா என்று பார்த்தாள்.

"ஒண்ணையும் மாத்தாதீங்க. வெளியில ஒரு கொக்கி போதும்."

"தாழ்ப்பாள்?"

"இருக்கற இடத்துலயே இருக்கட்டும். இந்த வீட்டுல இவ்வளவு கச்சிதமா மூடற கதவு வேற எது? ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்க."

தலைகீழாக வேலை செய்து நல்ல பேர் வாங்கிய ஒரே பரிசோதனை அதிகாரி தானாகத்தான் இருக்க முடியும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டார். அன்று தூக்கம்கூட நன்றாக வந்தது.

மறுநாள் காலையில் டீயும் நாற்காலியுமாகக் கூடத்துக்கு வந்தால், மிஷின் இருந்த இடம் காலியாகக் கிடந்தது. கொல்லைப்புறத்திலிருந்து கடகடவென்று சத்தம். போய்க் கதவை இழுத்தார். அசையவில்லை.

"கதவு இறுகிடுச்சா? உள்ளேருந்து தள்ளு, நான் இழுக்கறேன்."

"இறுகலீங்க. தாழ் போட்டிருக்கேன்" என்றாள் உள்ளிருந்து. "தம்பிதான் விடியக்காலையில வந்து மிஷினைத் தூக்கி வெச்சுக் குடுத்தான்."

பேசுவதற்கு ஒரு இடுக்காவது கிடைக்குமா என்று விளிம்பெல்லாம் தடவிப் பார்த்தார். அவர் இழைத்த இழைப்பில் ஒன்றுகூட மிஞ்சியிருக்கவில்லை.

"நல்லவேளை, நான் தப்பா அளந்தேன்" என்றார், விட்டுக்கொடுக்காமல். "இல்லேன்னா உனக்கு உள்தாழ்ப்பாள் ஏது?"

மிஷின் சத்தம் நின்றது.

"உங்க மேல தப்பே இல்லீங்க. உள்ள நின்னு அளங்கன்னு அனுப்பினது நான்தானே? உள்பக்கம் தாழ்ப்பாள் வேணும்னு வாய்விட்டுக் கேட்டிருந்தா, உங்க நாற்காலிக்கும் சேர்த்து இடம் அளந்திருப்பீங்க."