தடுப்புக்கட்டைக்கு முன்னால்

பல்கலைக்கழக வாசலில் தடுப்புக்கட்டை இறங்கியே நிற்கிறது. இன்றிலிருந்து கார்களை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே பேட்டரி பஸ்ஸில்தான் போக வேண்டும். அந்த விதியைக் கொண்டுவந்த பேராசிரியை காருக்குள் உட்கார்ந்திருக்கிறாள். ஓட்டுகிறவர் அவள் கணவர், இங்கேயே வேதியியல் சொல்லிக்கொடுப்பவர். பின்னால் ஹாரன்கள் காதைப் பிளக்கின்றன. காவலாளி அவள் முகத்தையே பார்க்கிறார். கணவர் அவள் பக்கம் திரும்புகிறார். "ஒரு வார்த்தை சொல்லேன், திறந்துடுவாரு. என் முட்டி வலி உனக்குத் தெரியாதா?" "தெரியும்ங்க. அதுக்குத்தான் பஸ் விட்டிருக்கோம்." ஸ்டியரிங்கைப் பிடித்த அவர் விரல்கள் வெளுக்கின்றன. "நாலு பேர் பார்க்க என்னை அவமானப்படுத்தறே." அவள் கதவைத் திறந்து இறங்குகிறாள். பின்னால் நிற்கும் வண்டிகளைக் கையசைத்து ஒதுக்கிவிட்டு, கணவரின் காருக்குப் பின்னால் போய் நின்று, "வாங்க... வாங்க..." என்கிறாள். கார் அசையவே இல்லை. பிறகு ரிவர்ஸ் விளக்கு பளிச்சென்று எரிகிறது. வண்டி அவளை நோக்கி மெல்ல வருகிறது.